மிலிட்டரிக்காரர் பார்த்த சிவப்பு வானம்

வேலூரிலிருந்து திருவண்ணாமலை போகும் சாலையில் இருக்கிறது கணியம்பாடி. பக்கத்திலேயே கம்மவான்பேட்டை. ராணுவத்துக்கு ஆள் அனுப்பாத வீடு அங்கே அபூர்வம் என்பதால், ‘ராணுவப்பேட்டை’ என்றே அந்த ஊருக்குப் பெயர் விழுந்துவிட்டது. இந்த வட்டாரத்தில் ஒருவரை ‘மிலிட்டரிக்காரர்’ என்று சொன்னால், எந்த மிலிட்டரிக்காரர் என்று திருப்பிக் கேட்பார்கள். ‘அதாம்ப்பா, சிவப்பு வானம் பார்த்தவரு’ என்றால் சட்டென்று புரிந்துவிடும். கூடவே ஒரு சிரிப்பும் வரும்.

அவருக்கு வயது 57. ஹவில்தாராக 2008-ல் ஓய்வு பெற்று ஊருக்கு வந்தவர். பகலில் அரை ஏக்கர் மல்லாட்டைப் பயிர், ராத்திரியில் ஒரு ஷூ கம்பெனி வாசலில் செக்யூரிட்டி வேலை. அதிகம் பேச மாட்டார். பேசினால் திருத்தமாக இருக்கும். அப்படிப்பட்ட மனிதரை ஊரே இருபது வருடமாகக் கேலி செய்ததற்குக் காரணம், லடாக்கில் அவர் பார்த்த ஒரு வெளிச்சம்.

கிழக்கு லடாக்கில், சுஷூல் பக்கம், 14,000 அடிக்கு மேலே ஒரு காவல் சாவடி. குளிர்காலம் தொடங்கிவிட்ட ஒரு ராத்திரி, பத்து மணியிலிருந்து பன்னிரண்டு வரை அவருக்கு டியூட்டி. நிலா இல்லை. வடக்கே மலைகளுக்கு மேலே வானம் சிவந்திருந்தது. காட்டுத்தீ என்று நினைக்க அங்கே காடு கிடையாது, மரம்கூடக் கிடையாது. ஊர் வெளிச்சம் என்று நினைக்க ஊரும் கிடையாது. அந்தச் சிவப்பு நெருப்பு மாதிரி ஆடவில்லை. மெல்ல அகலமாகி, அரை மணி நேரம் அப்படியே நின்று, பிறகு கரைந்துபோனது. அடுத்த ஆள் டியூட்டி மாற்ற வந்தபோது வடக்கே வெறும் நட்சத்திரம்தான். “உசரத்துல ஆக்ஸிஜன் கம்மி, அப்படித்தான் தெரியும்” என்று கூட இருந்தவர்கள் சிரித்தார்கள்.

அவர் லீவில் ஊருக்கு வருவதற்கு முன்பே அந்தக் கதை வந்து சேர்ந்துவிட்டது. கடிதத்தில் படித்த அவர் மனைவி தங்கையிடம் சொல்ல, தங்கை குழாயடியில் சொல்ல, தெருவுக்கே தெரிந்துவிட்டது. “கோட்டா ரம்மைக் கொஞ்சம் கூடப் போட்டுட்டாரு போல” என்று மனைவி அன்றைக்கு விளையாட்டாகச் சொன்ன ஒரு வார்த்தை, கதையோடு ஒட்டிக்கொண்டது. கார்த்திகை தீபம் வரும்போதெல்லாம் மச்சான்காரர் தவறாமல் கேட்பார், “இன்னா மாமா, திருவண்ணாமலை தீபம் லடாக் வரைக்கும் தெரிஞ்சுதாமே!”

அவர் பதில் சொல்ல மாட்டார். டியூட்டியில் ஒரு சொட்டு தொட்டதில்லை என்று முதல் முறை சொன்னார். அதற்குப் பிறகு சொல்வதை விட்டுவிட்டார்.

செல்போனில் வந்த படம்

2024 மே 11, சனிக்கிழமை. அவருடைய மகள் செல்போனை நீட்டினாள். முந்தின நாள் நள்ளிரவுக்குப் பிறகு லடாக்கின் ஹான்லே கிராமத்தில், இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் வானாய்வகத்தில், வானம் முழுவதையும் பார்த்துக்கொண்டிருக்கும் கேமரா எடுத்த படம். வடக்கு அடிவானத்துக்கு மேலே சிவப்பு.

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். “இதான்” என்றார்.

மகள் வேலை செய்வது ஒரு தோல் தொழிற்சாலையின் ஃபினிஷிங் பிரிவில். ஷேட் மேட்சிங்தான் அவள் வேலை. வெளிநாட்டு பையர் ஒரு துண்டுத் தோலை அனுப்பி, இதே நிறம் வேண்டும் என்பார். கலவையைப் போட்டு, ஸ்ப்ரே அடித்து, லைட் பாக்ஸுக்குள் இரண்டு துண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். பகல் வெளிச்சத்தில் ஒன்றாகத் தெரிவது டியூப் லைட்டில் இரண்டாகத் தெரியும். மஞ்சள் பல்பில் வேறு மாதிரி தெரியும். மூன்றிலும் ஒத்துப்போனால்தான் லாட் பாஸ். கண்ணை நம்பிப் பிழைக்கிற வேலை என்பதால், கண் எங்கெல்லாம் ஏமாற்றும் என்பதும் அவளுக்குத் தெரியும்.

திங்கட்கிழமை சாயங்காலம் கம்பெனியிலிருந்து ஒரு ஷேட் கார்டு கொண்டு வந்தாள். சிவப்பு வகையில் மட்டும் பதினெட்டு துண்டுகள். “நீ பார்த்தது எதுப்பா?” என்று முன்னால் வைத்தாள்.

அவர் செர்ரியைத் தள்ளினார், பர்கண்டியைத் தள்ளினார். காளை ரத்த நிறம் என்று தோல்காரர்கள் சொல்லும் ஆக்ஸ்பிளட் துண்டின் மேல் விரலை வைத்தார். “இதுதான். ஆனா இதுல தண்ணி ஊத்தின மாதிரி.” இரண்டு நாள் கழித்து துண்டுகளைக் கலைத்துப் போட்டுக் கேட்டாள். அதே துண்டு. ஒரு வாரம் கழித்து, அதே துண்டு.

அன்றைக்குத்தான் மகளுக்குச் சுருக்கென்றது. அப்பா கற்பனை செய்யவில்லை. இருபது வருடமாக அந்த நிறத்தை அப்படியே கண்ணில் வைத்திருக்கிறார்.

லடாக்கில் ஏன் சிவப்பு?

துருவ ஒளி என்றால் நார்வே, ஐஸ்லாந்து, பச்சைத் திரை மாதிரி ஆடும் வானம் என்றுதான் எல்லோருக்கும் ஞாபகம் வரும். சூரியனிலிருந்து கிளம்பும் மின்னூட்டத் துகள்கள் பூமியின் காந்தப்புலத்தில் சிக்கி, துருவங்களைச் சுற்றி ஒரு வளையமாக இறங்குகின்றன. மேல் வளிமண்டலத்தில் இருக்கும் ஆக்ஸிஜனும் நைட்ரஜனும் அதனால் தூண்டப்பட்டு ஒளிர்கின்றன. 100 முதல் 150 கி.மீ. உயரத்தில் ஆக்ஸிஜன் தருவது பச்சை. 200 கி.மீ.க்கு மேலே காற்று மிகவும் மெலிந்த இடத்தில் அதே ஆக்ஸிஜன் தருவது சிவப்பு.

சூரியனில் பெரிய வெடிப்பு நடந்து காந்தப் புயல் எழும்போது, அந்த வளையம் தெற்கே விரிகிறது. அப்போதும் ஹான்லேவுக்குத் தலைக்கு மேலே அது வந்துவிடுவதில்லை. வடக்கே ஆயிரம், இரண்டாயிரம் கிலோமீட்டர் தள்ளி எழும் ஒளியின் உச்சி மட்டும், பூமியின் வளைவைத் தாண்டி அடிவானத்தில் எட்டிப் பார்க்கும். மலைக்கு அந்தப் பக்கம் நிற்கும் கோயில் கோபுரத்தின் கலசம் மட்டும் தெரிவது மாதிரி. பச்சைப் பகுதி கீழே மறைந்துவிடும். கண்ணுக்கு எட்டுவது உச்சியில் இருக்கும் சிவப்பு.

அந்தச் சிவப்பையும் எல்லாக் கண்ணும் பார்த்துவிடாது. இருட்டில் வேலை செய்யும் விழித்திரைச் செல்களுக்குச் சிவப்பு சரியாகத் தெரியாது. கேமரா இருபது விநாடி திறந்திருந்து சேர்த்துக்கொள்ளும் வெளிச்சம், கண்ணுக்கு ஒரு மங்கலான கறை மாதிரிதான் இருக்கும். இருட்டுக்குப் பழகவே கண்ணுக்கு அரை மணி நேரம் வேண்டும். விளக்கே இல்லாத இடத்தில் மணிக்கணக்காக வடக்கையே பார்த்துக்கொண்டு நிற்கும் காவலாளிக்கு அந்த வாய்ப்பு உண்டு.

மகளுக்கு இதில் இன்னொரு ஒட்டுதலும் கிடைத்தது. கணியம்பாடியிலிருந்து அமிர்தி பக்கம் போனால் ஏறுவது ஜவ்வாது மலை. அதே மலைத்தொடரில் இருக்கும் காவலூர் வானாய்வகத்துக்குப் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது போயிருக்கிறாள். வைணு பாப்பு பெயரில் 2.34 மீட்டர் தொலைநோக்கி இருக்கும் இடம். 1986-ல் ராஜீவ் காந்தி திறந்து வைத்தது. அந்தக் காவலூரும், ஒரு நூற்றாண்டுக்கு மேலாகச் சூரியனைப் படமெடுத்துவரும் கொடைக்கானல் ஆய்வகமும், லடாக்கின் ஹான்லேவும் ஒரே நிறுவனத்தின் கிளைகள். சூரியனைக் கண்காணிக்க 2023 செப்டம்பரில் இஸ்ரோ அனுப்பிய ஆதித்யா எல்-1 விண்கலத்தின் முக்கியக் கருவியை உருவாக்கியதும் அதே நிறுவனம்தான். அந்தத் திட்டத்தின் இயக்குநர் செங்கோட்டையில் பிறந்த நிகர் ஷாஜி.

அப்பா லடாக்கில் இருந்தது 2003 கோடையிலிருந்து 2005 தொடக்கம் வரை. அந்தக் காலத்தில் எழுந்த பெரிய காந்தப் புயல்களை மகள் தேடி எடுத்தாள். 2003 அக்டோபர் கடைசி, 2003 நவம்பர் 20, 2004 நவம்பர் இரண்டாவது வாரம். மூன்றில் எது? அவருக்குத் தேதி ஞாபகம் இல்லை, வருடமே சந்தேகம்.

“அப்பா எழுதின லெட்டர் இருந்தா தெரிஞ்சிடும்மா” என்றாள்.

“ஓட்டு வூட்டை இடிச்சப்ப எல்லாம் போயிடுச்சு” என்றார் அம்மா, அரிசியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அப்படியானால் நேரில் போய்ப் படமே எடுத்துவிடுவது என்று மகள் முடிவு செய்தாள். சூரியன் தன் பதினோரு வருடச் சுழற்சியின் உச்சத்தில் இருந்தது. இப்போது விட்டால் அடுத்த உச்சத்துக்குள் அப்பாவுக்கு எழுபதை நெருங்கிவிடும். அந்த உயரத்துக்கு அவரைக் கூட்டிப் போக எந்த டாக்டர் சம்மதிப்பார்?

ஹான்லேவில் மூன்று ராத்திரி

2024 அக்டோபர் 2 அமாவாசை. அதை வைத்துத்தான் நாள் குறித்தாள். 11-ம் தேதி ஆயுத பூஜைக்குக் கம்பெனியில் இருந்தாக வேண்டும், அதற்குள் திரும்புவதாகச் சொல்லி லீவு வாங்கினாள். கல்யாண ஸ்டுடியோக்காரர் ஒருவர் புதிய கேமரா வாங்கியபோது கழித்துக் கட்டிய பழைய டி.எஸ்.எல்.ஆர். ஒன்றை, முக்காலியோடு சேர்த்து வாங்கினாள். மொட்டை மாடியில் இரண்டு மாதம் பழகினாள். ஆட்டோ ஃபோகஸ் இருட்டில் வேலை செய்யாது; பிரகாசமான ஒரு நட்சத்திரத்தைத் திரையில் பெரிதாக்கி, அது புள்ளியாகச் சுருங்கும் வரை கையால் திருப்ப வேண்டும். ஐ.எஸ்.ஓ. 3200, இருபது விநாடி. அதற்கு மேல் போனால் நட்சத்திரங்கள் கோடாக இழுபடும்.

காட்பாடியில் ரயில், டெல்லியில் விமானம், லேயில் இறங்கி இரண்டு நாள் சும்மா படுத்திருப்பது. 3,500 மீட்டர் உயரத்துக்கு உடம்பு பழகாமல் மேலே ஏறக் கூடாது என்பதில் மிலிட்டரிக்காரர் கறாராக இருந்தார். அனுமதிச் சீட்டு வாங்கி, சிந்து நதியை ஒட்டியே ஒரு பகல் முழுக்கப் பயணம். 3-ம் தேதி சாயங்காலம் ஹான்லே.

2022-ல் இந்தியாவின் முதல் ‘இருள் வான் காப்பகமாக’ அறிவிக்கப்பட்ட பகுதி அது. யானைக்கும் புலிக்கும் காப்பகம் இருப்பதுபோல இருட்டுக்கு ஒரு காப்பகம். ராத்திரியில் ஜன்னலுக்குக் கனத்த திரை போட வேண்டும், வண்டியின் ஹெட்லைட்டை அடக்க வேண்டும். உள்ளூர்க்காரர்களுக்கே பயிற்சி கொடுத்து, தொலைநோக்கியும் கொடுத்து, வருகிறவர்களுக்கு வானம் காட்டச் சொல்லியிருக்கிறார்கள். இவர்கள் தங்கிய வீட்டுப் பெண்ணும் அப்படிப் பயிற்சி பெற்றவர். மறுநாள் ‘மேஸ்’ என்ற பெரிய காமா கதிர்த் தொலைநோக்கியின் திறப்பு விழா என்பதால் ஊரில் கார்களும் அதிகாரிகளுமாகக் கூட்டம். அறை கிடைத்ததே பெரிய விஷயம்.

அன்று மாலை இந்திய நேரம் ஆறு மணிக்குச் சற்று முன்னால், சூரியனில் ஒரு மாபெரும் வெடிப்பு நடந்தது. அளவு எக்ஸ் 9. அந்தச் சுழற்சியில் அதுவரை பதிவானதிலேயே பெரியது. விட்டு விட்டு வந்த நெட்டில் அந்தச் செய்தியைப் பார்த்ததும் மகள் துள்ளிக் குதித்தாள். அந்த உயரத்தில் குதித்ததற்கு ஐந்து நிமிடம் மூச்சு வாங்கியது.

முதல் ராத்திரி. துருவ நட்சத்திரம் கணியம்பாடியில் 13 டிகிரி உயரத்தில் கிடக்கும். மலையோ மாடியோ மறைத்துவிடும். இங்கே 33 டிகிரி உயரத்தில், யாரோ கையால் எடுத்து வைத்த மாதிரி நின்றது. பால்வீதி ஒரு பக்கத்து மலையிலிருந்து இன்னொரு பக்கத்து மலைக்குப் பாலம் கட்டியிருந்தது. அப்பா எதுவும் பேசாமல் வடக்கைப் பார்த்து நின்றார். பழைய சாவடியில் நின்ற அதே நிலை. கால்களைச் சற்று அகட்டி, கைகள் பின்னால். மகள் உதிரி பேட்டரிகளைச் சட்டைக்குள் உடம்போடு ஒட்டி வைத்திருந்தாள். குளிரில் வெளியே வைத்தால் கால் மணி நேரத்தில் செத்துவிடும்.

பதினொன்றரை மணிக்குக் கேமரா திரையில் வடக்கு அடிவானத்தில் ஒரு நிறம் தெரிந்தது. அலை அலையாகப் பச்சை. “அப்பா!” என்று கத்தினாள்.

வீட்டுக்காரப் பெண் வந்து பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். அது துருவ ஒளி இல்லை, ‘ஏர்க்ளோ’. பகல் வெயிலில் தூண்டப்பட்ட மேல் வளிமண்டலம் ராத்திரியில் தானாக வெளிவிடும் மெல்லிய ஒளி. எல்லா ராத்திரியும், எல்லா ஊரிலும் உண்டு. நகர வெளிச்சத்தில் தெரியாது, இங்கே கேமராவில் தெரிகிறது. ஹான்லேவுக்கு வந்து பச்சையைப் படமெடுத்துத் துருவ ஒளி என்று போடுகிறவர்கள் நிறையப் பேர் என்று சிரித்தார்.

அப்பாவும் எட்டிப் பார்த்தார். “இது இல்லம்மா. நான் பார்த்தது சிவப்பு.”

இரண்டாம் ராத்திரி மேகம். மூன்றாம் ராத்திரி வானம் கண்ணாடி. சூரியனில் கிளம்பிய துகள் மேகம் வர வேண்டிய நேரம். மகள் செல்போனில் ‘கேபி’ எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். காந்தப் புயலின் தீவிரத்தைச் சொல்லும் எண் அது, பூஜ்யத்திலிருந்து ஒன்பது வரை. ஹான்லேவில் தெரிய அது நன்றாக ஏற வேண்டும். எண் ஏறவே இல்லை. வெடிப்பு எவ்வளவு பெரிதாக இருந்தாலும், வரும் துகள் மேகம் பூமியை நேராகத் தாக்க வேண்டும். அது சுமந்து வரும் காந்தப்புலமும் தெற்கு நோக்கி இருக்க வேண்டும். அப்போதுதான் பூமியின் காந்தக் கவசம் கதவு திறக்கும். இல்லாவிட்டால் தட்டிவிட்டுப் போய்விடும்.

விடியற்காலை மூன்றரை மணி. கம்பளிக்குள் சுருண்டு, எடுத்த படங்களை மகள் செல்போனுக்கு மாற்றி ஒவ்வொன்றாகப் பார்த்தாள். ஒரு படத்தில் எடிட்டிங் ஆப்பைத் திறந்து, சிவப்பை மட்டும் தள்ளிவிட்டுப் பார்த்தாள். அடிவானத்தில் ஏர்க்ளோவிலேயே ஒளிந்திருந்த கொஞ்சம் சிவப்பு மேலே எழுந்து வந்தது. இன்னும் கொஞ்சம் தள்ளினாள். அப்படியே மே மாதம் வந்த படம் மாதிரி ஆகிவிட்டது. ஊரில் யாருக்கும் வித்தியாசம் தெரியப்போவதில்லை. மச்சான்காரர் வாயை அடைக்க இது ஒன்று போதும்.

அப்பாவிடம் காட்டினாள். வெகுநேரம் பார்த்தார்.

“உங்க கம்பெனில ஷேட் ஒத்துக்கலைன்னா இன்னா செய்வீங்க?”

“ரிஜெக்ட் பண்ணுவோம்.”

“அப்ப பண்ணு” என்று செல்போனைத் திருப்பிக் கொடுத்தார். “பார்த்ததைச் சொன்னதுக்கே குடிச்சுட்டான்னாங்க. பார்க்காததைக் காட்டி நல்ல பேரு எடுக்கணுமா?”

மகள் அந்தப் படத்தை அழித்தாள். ஆறாம் தேதி காலை கிளம்பிவிட்டார்கள்.

ரயில் ஓடிக்கொண்டிருந்தபோது

அக்டோபர் 10 ராத்திரி டெல்லியிலிருந்து வந்த ரயில் ஆந்திரத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அப்பா நடுப் படுக்கையில் தூங்கிவிட்டார். அதே நேரத்தில், முந்தின நாள் சூரியனில் நடந்த வேறொரு வெடிப்பின் துகள் மேகம் பூமியைத் தாக்கியிருந்தது. இந்த வெடிப்பின் அளவு எக்ஸ் 1.8 மட்டுமே. மூன்றாம் தேதி வெடிப்போடு ஒப்பிட்டால் சின்னது. ஆனால் இது நேராக வந்தது, கதவும் திறந்தது. ஹான்லேவில் மறுபடியும் வானம் சிவந்தது. அங்கே இருந்தவர்கள் படம் எடுத்தார்கள்.

காலையில் காட்பாடி நெருங்கும்போது மகள் செல்போனில் பார்த்தாள். வீட்டுக்காரப் பெண்ணே படம் அனுப்பியிருந்தார். நான்கு நாள். நான்கே நாள் பொறுத்திருந்தால்! அவளுக்குத் தொண்டை அடைத்தது. அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்து, கடைசியில் செல்போனை அப்படியே நீட்டினாள்.

அவர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். “ஆங், இது சரியா கீது” என்றார். பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார். ஏமாந்தவர் முகமாக இல்லை அது. தெரிந்த முகத்தை ரயில்வே ஸ்டேஷனில் பார்த்தவர் முகமாக இருந்தது.

அன்றைக்கு ஆயுத பூஜை. வீடு கழுவிக் கோலம் போட்டிருந்தது. அரிவாள், மண்வெட்டி, மகளின் ஸ்கூட்டி எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தாகிவிட்டது. கேமராவையும் வாங்கி ஒரு பொட்டு வைத்தார் அம்மா. “படம் கிடைச்சுதா?” என்று கேட்டார்.

“இல்லம்மா. நாங்க வந்தப்புறம் வந்துச்சாம்.”

அம்மா இரண்டு பேர் முகத்தையும் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் உள்ளே போனார். பரணிலிருந்து ஒரு தகரப் பெட்டி இறங்கும் சத்தம் கேட்டது. ஓட்டு வீட்டோடு போய்விட்டதாக அவர் சொன்ன கடிதங்கள், வருடவாரியாக நூல் போட்டுக் கட்டி, பாச்சை உருண்டை வாசனையோடு அதில் இருந்தன. எந்தக் கட்டு என்று அவர் தேடவில்லை. நேராக எடுத்தார்.

நீல நிற இன்லேண்டு லெட்டர். மேலே 56 ஏ.பி.ஓ. முகவரி. உள்ளே அவருடைய கையெழுத்தில் தேதி: 21-11-2003.

மகள் கையெல்லாம் நடுங்க வாங்கினாள். ‘நேத்து ராத்திரி 10-12 டியூட்டி. வடக்கே வானம் செவந்து நின்னுச்சு. காய்ஞ்ச ரத்தம் மாதிரி. தீ இல்லை. அரை மணி நேரம் இருந்துச்சு. எனக்குப் பயமா இருந்துச்சு. உன்கிட்ட மட்டும் சொல்றேன், யார்கிட்டயும் சொல்லாத, சிரிப்பாங்க.’

2003 நவம்பர் 20. அவள் பட்டியலில் நடுவில் இருந்த தேதி. அந்தச் சூரியச் சுழற்சியில் பூமியின் காந்தப்புலத்தை மிக அதிகமாகக் குலைத்த புயல் அன்றுதான். ஐரோப்பாவில் கிரீஸ் வரைக்கும் துருவ ஒளி தெரிந்த ராத்திரி. புயல் வலுத்துக்கொண்டிருந்த நேரம் இந்தியாவில் நள்ளிரவை ஒட்டி. அமாவாசைக்கு மூன்று நாள் முன்பு என்பதால் நிலாவும் இல்லை. ஷேட், தேதி, நேரம் மூன்றும் ஒத்துப்போயின. மூன்று விளக்கிலும் ஒத்துப்போனால் லாட் பாஸ்.

“இருக்குன்னு முன்னாடியே சொல்லியிருக்கலாமேம்மா? லடாக் வரைக்கும் போய் வந்தோமே!”

“புருஷன் எழுதின லெட்டரைப் பொண்ணு கையில எப்படிடி குடுக்கறது?” என்றார் அம்மா. பிறகு, யாரையும் பார்க்காமல், “சொல்லாதன்னு எழுதியிருந்தாரு. நான்தான் சொல்லிட்டேன்” என்றார்.

அவர் அதற்குள் பொரி, கடலை கலந்த தட்டைக் கையில் எடுத்துக்கொண்டிருந்தார். “அந்த லெட்டரை வெச்சிருந்தியா இன்னும்?” என்று மட்டும் கேட்டார். கேட்ட குரலில் வானமும் இல்லை, கேமராவும் இல்லை.

இப்போது அந்தக் கடிதம் தகரப் பெட்டிக்குத் திரும்பவில்லை. டி.வி. ஸ்டாண்டின் மேல் பிளாஸ்டிக் கவருக்குள் இருக்கிறது. வருகிறவர்களிடம் அம்மாவே எடுத்துக் காட்டுகிறார். “ஆபீசருங்க மிஷின் வெச்சுப் புடிச்சதை, எங்க வூட்டுக்காரரு 2003-லயே வெறுங் கண்ணால பார்த்தாரு” என்கிறார். மச்சான்காரருக்கு இரண்டு தடவை காட்டியாகிவிட்டது. எல்லோரும் படிக்கலாம். ஆனால் வானம் சிவந்த அந்த ஆறு வரியைத்தான் படிக்கலாம். அதற்குக் கீழே இருப்பதை அவர் கட்டை விரல் மறைத்துக்கொள்கிறது.